வெயிலைப் பங்கு வைக்கும் ஊர்

கண்டியிலிருந்து மாத்தளை போகும் ஏ-9 சாலையில், கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டியதும் பஸ் ஜன்னலுக்கு வெளியே காடு தொடங்கிவிட்டது போலத் தோன்றும். சரிவு முழுக்க மரம், மரத்தின்மேல் கொடி, அந்தக் கொடிக்குக் கீழே இன்னொரு மரம். வளைவில் பஸ் வேகம் குறையும்போதுதான் இலைகளுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கூரை தெரிகிறது. கயிற்றில் காயும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தெரிகிறது, டிஷ் ஆன்டெனா தெரிகிறது. காடில்லை, வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் கால் ஏக்கர், அரை ஏக்கர், வசதிப்பட்டவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்று வளவு. ஒன்று அடுத்ததோடு முட்டிக்கொண்டு நிற்பதில் வேலி எங்கே என்று வெளியாளுக்குப் புரியாது. ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குக் 'கண்டி வனத்தோட்டம்' என்று பெயர் வைத்து வெகுகாலமாக எழுதிவருகிறார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

இதே சாலையில் 'ஸ்பைஸ் கார்டன்' என்று பலகை மாட்டிய இடங்களும் வரிசையாக இருக்கின்றன. வேன் வேனாகச் சுற்றுலாக்காரர்கள் இறங்குகிறார்கள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை, கூடவே வந்து விளக்கம் சொல்ல ஒருவர், முடிவில் எண்ணெய்க் குப்பிகள் அடுக்கிய கடை. அங்கே ஏலம், கறுவா, வனிலா எல்லாம் பார்க்கலாம். ஆனால் செடிகள் தங்களுக்குள் இடத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்க ஒரு வீட்டின் கொல்லைக் கதவு வழியாகப் போக வேண்டும். எனக்கு அந்த வழி அக்குறணைக்குப் பக்கத்தில் கிடைத்தது. மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரரை எல்லோரையும் போல நானும் 'நானா' என்றே கூப்பிட்டேன். அவருடைய உம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அந்த வளவு உம்மாவின் கைப்பழக்கம்.

நான் போனது ஜூன் மாதம். தென்மேற்குப் பருவம். கண்டிக்கு அது கொட்டித் தீர்க்கும் மழையில்லை. காலையில் ஒரு தூறல், மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம், மறுபடி தூறல். துவைத்த துணி உலர்ந்தும் உலராமலும் இருக்கிற பருவம்.

சமையலறையின் பின்கதவைத் திறந்தால் முதலில் வருவது கழிவுநீர் போகும் ஓடை. ஓடைக்கரையில் ரம்பை, சேம்பு, வல்லாரை, இரண்டு வாழை. கழுவிய அரிசித் தண்ணீரும் மீன் அலசிய தண்ணீரும் அங்கேதான் போகின்றன. கறிவேப்பிலை கைக்கெட்டும் தூரத்தில். அதைத் தாண்டினால் நிலம் சரிகிறது. கற்களை அடுக்கிக் கட்டிய படிகள், பாசி பிடித்து வழுக்கும். படிக்கு இருபுறமும் காப்பிச் செடிகள் மங்கிய வெளிச்சத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே சாதிக்காய் மரங்கள், கராம்பு, ஒரு மங்குஸ்தான். மிளகுக் கொடிகள் கிளிரிசிடியா கம்பங்களில் ஏறியிருக்கின்றன. இன்னும் அண்ணாந்தால் பலா, ஈரப்பலா, ஒரு கிழட்டு டுரியான். எல்லாவற்றுக்கும் மேலே தென்னையும் கமுகும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூலைக்கு மூலை கித்துள் பனை. அதை யாரும் நட்டதில்லை. மரநாய் பழத்தைத் தின்று எச்சமிடும் இடத்தில் முளைக்கிறது. உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கணுவாகப் பாளை விட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். அந்த வளவில் ஒன்று பாதி தூரம் இறங்கியிருந்தது. பதநீர் இறக்க ஆள் கிடைக்காததால் பாளைகள் சும்மா காய்த்துத் தொங்கின.

நானா நடந்துகொண்டே குனிந்து ஒரு சாதிக்காயைப் பொறுக்கினார். பழுத்தால் சதை இரண்டாகப் பிளந்து கொட்டை தானே விழும். மஞ்சள் சதைக்குள் கறுப்பு மினுங்கும் கொட்டை, அதன்மேல் வலை பின்னியது போலச் சிவப்புச் சாதிபத்திரி. அந்தச் சிவப்பை அச்சில் யாரும் சரியாகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை, ஈரமாக இருக்கும்போது அரக்கு போலப் பளபளக்கிறது. இரண்டு நாள் காய்ந்தால் நிறம் இறங்கிச் செம்மஞ்சளாகிவிடும். நானா கட்டைவிரல் நகத்தால் பத்திரியைக் கிழியாமல் முழுதாக உரித்தார். முழுதாக இருந்தால் ஒரு விலை, நொறுங்கினால் வேறு விலை. கொட்டை நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகிக் கடகடத்தால் சரி. சாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது, அதற்கு ஆறேழு வருடமாகும். "ஆறு வருஷம் சோறு போட்டு வளர்த்த பிறகு மாப்பிள்ளைண்டு தெரியும்," என்றார் உம்மா. ஒன்றிரண்டு ஆண் மரம் தேவைதான். மிச்சத்தை வெட்ட மனமில்லாமல் அதன்மேல் மிளகை ஏற்றிவிட்டிருந்தார்.

நான் சென்னை மொட்டைமாடியில் தொட்டிகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவன். எனக்குத் தோட்டவேலை என்றால் தண்ணீர்தான். காலையில் ஊற்றுவது, மாலையில் ஊற்றுவது, ஊருக்குப் போனால் ஊற்ற ஆள் தேடுவது. அதனால் என் முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான் இருந்தது. நானா புரியாமல் பார்த்தார். "நாங்க ஊத்துறதில்லையே." நாற்று நட்ட புதிதில், ஜனவரி முடிந்து மார்ச்வரை வரும் வெயிலில் கொஞ்சம் ஊற்றுவார்களாம், அவ்வளவுதான். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, கண்டிக்கு 1,900க்கு முன்பின். மொத்தக் கணக்கில் பார்த்தால் மலைக்கும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் நமக்கு வருவதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து கடலுக்குப் போய்விடுகிறது. இந்த மலைநாட்டுக்கு இரண்டு பருவமழை, இரண்டுக்கும் இடையே பிற்பகல் இடிமழை வேறு. வேர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

அப்படியானால் இங்கே தோட்டக்காரருக்கு என்ன வேலை? வெட்டுவது. நீரும் சூடும் குறைவில்லாத இடத்தில் தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். எந்த மரமும் தன் பங்கோடு நிற்பதில்லை, அடுத்ததன் வெயிலையும் பிடுங்கப் பார்க்கும். மிளகுக்கு அரைநிழல் போதும், ஆனால் இருட்டில் காய்க்காது. சாதிக்காய்க்குச் சின்ன வயதில் நிழல் வேண்டும், வளர்ந்த பிறகு உச்சி திறந்திருக்க வேண்டும். காப்பி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கத்தரி, மிளகாய் பொறுக்கவே பொறுக்காது. இத்தனைக்கும் ஒரே ஆகாயத்திலிருந்து வெயிலை அளந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய குடும்பத்தில் குழம்பைப் பார்த்துப் பார்த்து ஊற்றும் மூத்த மருமகளின் வேலை அது.

அதை உம்மா செய்வதை நேரில் பார்த்தேன். ஒரு காலையில் மரம் ஏறும் ஆள் வந்திருந்தான், இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கத்தி. அவன் மேலே, உம்மா கீழே முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அண்ணாந்தபடி. "அந்தக் கொப்பு இல்ல, அதுக்கு மேல உள்ளது. ஓம், அதத்தான். அடியோட வேணாம், ஒரு முழம் விட்டு வெட்டு." கொப்பு முறிந்து விழுந்தது. உம்மா அதைப் பார்க்கவில்லை. தரையில் புதிதாக விழுந்த வெயில் திட்டைத்தான் பார்த்தார். அது மிளகுக் கொடியின் அடிவரைக்கும் வரவில்லை என்று கண்டதும், "இன்னொண்டு" என்றார். கிளிரிசிடியாவை இப்படி ஆண்டுக்குச் சில தடவை மொட்டையடிக்கிறார்கள். பயறு, அவரைக் குடும்பத்து மரம். வேரில் தழைச்சத்தைப் பிடித்து வைப்பது. வெட்டிய தழையை அப்படியே மிளகின் அடியில் போட்டார்கள், கொஞ்சம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போயிற்று, கம்புகளை வேலியோரம் குத்தி வைத்தார்கள். அவையும் துளிர்த்துவிடும். வெட்டுவதும் நடுவதும் உரம் போடுவதும் ஒரே வேலையாக முடிந்தது.

விழுந்த இலையை யாரும் கூட்டுவதில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். வீட்டு முற்றம் மட்டும் ஈர்க்குமாற்றால் கோடு தெரியக் கூட்டியிருந்தது. சரிவில் கணுக்கால்வரை சருகு, அதற்குள் அட்டைகள் வேறு. உப்புத் துணியை எனக்கும் கொடுத்திருந்தார்கள். சரிவு நிலத்தில் மண்ணைப் பிடித்து வைப்பது மரம்தான் என்று நாம் சொல்வது பாதி உண்மை. உயரமான மரத்தின் இலையில் சேர்ந்து சொட்டும் நீர் மழைத்துளியைவிடப் பெரியது, வெறும் தரையில் விழுந்தால் மழையைவிட அதிகமாகவே மண்ணைக் குழிக்கும். அந்த அடியைத் தாங்குவது இடையிலிருக்கும் செடிகளும் தரையிலிருக்கும் சருகும். தேக்கை வரிசையாக நட்டு அடியைச் சுத்தமாக வைத்திருக்கும் சரிவுகளில் மழைநாளில் கலங்கல் ஓடுகிறது. இந்த வளவின் ஓடையில் தேநீர்ச் சாயம் அளவுக்குத்தான் நிறம்.

இந்த முறை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு வெளியாள் சாட்சியம் இருக்கிறது. 1660ல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலைகளில் கைதியாக இருந்தான். சிறையில் அல்ல, கிராமங்களில். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தான். கண்டிக்குப் பக்கத்தில் எலதெத்தவில் தென்னைகள் உள்ள ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கிக் குடியிருந்தான். 1679ல் தப்பி ஓடி, 1681ல் லண்டனில் அவன் வெளியிட்ட புத்தகத்தில் பலா இங்குள்ளவர்களின் உணவில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை எழுதியிருக்கிறான். மிளகு, கமுகு, தென்னை எல்லாம் அதில் வருகின்றன. காப்பித் தோட்டங்கள் வந்தது பின்னால். பிரிட்டிஷார் காடழித்துக் காப்பி போட்டபோது கண்டி கிராமத்தார் அதைத் தங்கள் வளவு மரங்களுக்கு அடியில் செருகிக்கொண்டார்கள். 1869ல் இலைத்துரு நோய் தலைகாட்டி, சில பத்தாண்டுகளில் துரைமார் காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். வளவுக்காரர்களுக்குக் காப்பி பத்துப் பயிரில் ஒன்று. போனால் போகட்டும் என்று இருந்தார்கள். அந்த வழியில் வந்த செடிகள்தான் உம்மாவின் படிக்கட்டோரம் நிற்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நிற்கும் விதம் அதேதான்.

புகழ்ந்துகொண்டே போனால் வளவு ஏதோ குறையில்லாத சொர்க்கம் போலாகிவிடும். இதில் நெல் விளையாது. தக்காளி, வெண்டை ஒழுங்காக வராது. 2022ல் இலங்கை திவாலான நேரத்தில் இது நன்றாகத் தெரிந்தது. அதற்கு முந்தின வருடம் மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தளர்த்துவதற்குள் நெல்லும் மரக்கறியும் அடிவாங்கிவிட்டன. பிறகு டாலர் இல்லை, பெட்ரோல் இல்லை, சமையல் கேஸ் இல்லை. 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்து, வீட்டில் இருந்து பயிர் செய்யுங்கள் என்றது அரசு. நானாவின் அயலில் இருந்த இரண்டு உத்தியோகத்தர்கள் கத்தரி, கொச்சிக்காய் நாற்று வாங்கி வந்து நட்டார்கள். நிழலில் செடி வெளிச்சம் தேடி முழ நீளத்துக்கு ஒல்லியாக ஓடியது. மிச்சத்தை ஆப்பிரிக்க நத்தை தின்றது. உள்ளங்கை அகல நத்தை, இரவில் டார்ச் அடித்து வாளியில் பொறுக்க வேண்டும்.

"எங்களுக்குச் சோறு போட்டது புதுசா நட்டது இல்ல," என்றார் நானா. பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி, சேம்பு, வாழைக்காய். பலா என்றால் பிஞ்சில் ஒரு கறி, முற்றினால் அவித்துத் தேங்காய்ப்பூவோடு சோற்றுக்குப் பதில், பழுத்தால் பழம், கொட்டை தனி. அடுப்புக்குக் கிளிரிசிடியா விறகு. பலா மேல் இந்த நாட்டுக்கு இருக்கும் மரியாதை பழையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாணந்துறைக்காரர் ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலாக்கன்று நட வைத்தார். ஜனங்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலாக்காய் மாமா, என்றே கூப்பிட்டார்கள். 1951லிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. சொந்த வளவில் நிற்கும் பலாவானாலும் ஈரப்பலாவானாலும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெட்டக் கூடாது. பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். நிழல் குறைக்கக் கொப்பு கழிப்பது வேறு, மரத்தைச் சாய்ப்பது வேறு.

பலாவுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது, காய்க்கு இல்லை. ஒரு நாள் காலை ஒன்பது மணியிருக்கும், கூரைமேல் கல் விழுந்தது போலச் சத்தம். ரிலவாக்கள். இந்தத் தீவில் மட்டும் வாழும் குரங்கு, நெற்றிக்குமேல் மயிர் தொப்பி போலக் கவிந்திருக்கும். ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. தாய் ஒன்று இளநீர்க் குரும்பையைத் திருகிப் பறித்து, ஒரு கடி கடித்து, எறிந்துவிட்டு அடுத்ததைத் திருகியது. பசித்துத் தின்றால்கூடப் பொறுக்கலாம், இந்தக் கடித்தெறிதல்தான் உம்மாவுக்குத் தாங்கவில்லை. தகரத்தைத் தட்டினார். அவை கமுகுக்குத் தாவி நின்று வேடிக்கை பார்த்தன. பக்கத்து வளவுச் சிங்கள ஆச்சி வெடி கொளுத்தினார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. வெடிக்கும் தகரத்துக்கும் நடுவில் அவை பப்பாளி மரத்தையும் முடித்துவிட்டுப் போயின. 2023ல் சீனாவுக்கு ஒரு லட்சம் ரிலவாக்களை அனுப்பும் பேச்சு எழுந்து, எதிர்ப்பில் அடங்கியது. 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், நாடு முழுக்க அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணிக் குறிக்கச் சொன்னது அரசு. நானாவின் வீட்டில் அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் வரவில்லையாம். எட்டேகாலுக்கு வந்தனவாம்.

சிரிப்பாகச் சொன்னாலும் இதன் விளைவு தோட்டத்தில் தெரிகிறது. மிளகையும் கராம்பையும் குரங்கு தொடுவதில்லை. அதனால் வாழை பட்டுப்போன இடத்தில் இப்போது மிளகு நடுகிறார்கள், கொய்யா நின்ற இடத்தில் சாதிக்காய். பணப்பயிர் கூடுகிறது, சாப்பாட்டுப் பயிர் குறைகிறது. நானா வியாபாரி, அவருக்கு இதில் மனக்குறை இல்லை. எனக்கு இருந்தது. இன்னொரு 2022 வந்தால் சாதிக்காயை அவித்துத் தின்ன முடியாது. அதைச் சொன்னேன். "குரங்கு ஒண்டுக்கு வழி சொல்லுங்க, நாளைக்கே வாழை வைக்கிறன்," என்றார். என்னிடம் வழி இல்லை.

குரங்கைவிட வேகமாகத் தோட்டத்தைத் தின்பது பங்குபிரிப்பு. இங்கே நிலத்தைப் பேர்ச் கணக்கில் பேசுகிறார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச். வாப்பாவின் இரண்டு ஏக்கர் நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரப்பிள்ளை காலத்தில் இருபது பேர்ச் ஆகிவிடுகிறது. இருபது பேர்ச்சில் வீடு, கார் நிறுத்துமிடம், சுற்றுமதில் எல்லாம் போக எந்தப் பலாவுக்கு இடம்? கண்டிக்குத் திரும்பும் வழியில் காணி விற்பனைப் பலகைகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். விற்பதற்கு முன் முதல் வேலையாகச் சரிவை மொட்டையடித்து விடுகிறார்கள். செம்மண் படி படியாகத் திறந்து கிடக்க, ஒவ்வொரு படியிலும் எண் எழுதிய கல். வாங்க வருகிறவர்களுக்கு நிலம் முழுதாகத் தெரிய வேண்டுமாம்.

மறுநாள் நானா பேராதனைக்கு அப்பால் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் கன்று விற்பனை இடத்துக்கு அழைத்துப் போனார், ஒட்டுச் சாதிக்காய் இருக்கிறதா என்று பார்க்க. ஒட்டுக் கன்றென்றால் ஆணா பெண்ணா என்ற ஆறு வருடச் சூதாட்டம் இல்லை. கூட்டமாக இருந்தது. பெரும்பாலும் நகரத்து ஆட்கள், கையில் போன், போனில் தங்கள் காணியின் படம். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி ஒட்டுப் பலாக்கன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து பேர்ச் நிலமாம். மதில் வெடிக்காதா, எத்தனை வருடத்தில் காய்க்கும், உயரம் போகாமல் இருக்குமா என்று அந்தப் பெண் சிங்களத்தில் கேட்க, நானா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். விற்பனையில் இருந்த நடுவயதுக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். மதிலிலிருந்து தள்ளி வையுங்கள், ஆளுயரத்துக்கு மேலே போனதும் நுனியைக் கிள்ளுங்கள், ஒவ்வொரு வருடமும் கழித்துக்கொண்டே இருங்கள். பிறகு அவர் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டுக்குக் காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது?"

வீடு இன்னும் கட்டவில்லை என்றான் அந்தப் பையன். "நல்லதாய்ப் போயிற்று," என்றார் அவர். "முதலில் இதை நட்டுவிட்டு, மிச்ச இடத்தில் வீட்டை வரையச் சொல்லுங்கள்." அவர்கள் சிரித்தார்கள். பில் போடும்போது அந்தப் பெண் மட்டும் போனை எடுத்துக் காணிப் படத்தைப் பெரிதாக்கி, எது கிழக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானா எங்கள் வரிசை வந்துவிட்டது என்று என் முதுகில் தட்டினார். சாதிக்காய்க் கன்று தீர்ந்துவிட்டிருந்தது, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.